‘மேற்காண் பொருள் தொடர்பாக...’ – சென்னையில் அலுவலகக் கடிதம் வளர்ந்த கதை

கிண்டி என்றதும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று நினைவுக்கு வரும். சிலருக்குப் பாம்புப் பண்ணை, சிலருக்குப் பொறியியல் கல்லூரி, சிலருக்குத் தொழிற்பேட்டை. ஆனால் தமிழ்நாட்டில் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு மாடியறையில், ‘யளனகபக’ என்று மாதக்கணக்கில் தட்டிப் பழகியவர்களுக்குக் கிண்டி என்பது வேறு. சர்தார் படேல் சாலையில் இருக்கும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்தான் அவர்களுக்குக் கிண்டி. லோயர், ஹையர் என்று நாம் சொல்லும் டைப்ரைட்டிங் தேர்வுகளைப் பல பத்தாண்டுகளாக நடத்தி வந்த அலுவலகம் அது.

அந்தத் தேர்வில் இரண்டு தாள்கள். முதல் தாள் வேகத்துக்கு. இளநிலை என்றால் நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலை என்றால் 45 சொல். இரண்டாம் தாளில் ஓர் அட்டவணையும் ஒரு கடிதமும் வரும். தேதி எங்கே, ‘பொருள்’ எங்கே, ‘பார்வை’ எங்கே, எவ்வளவு ஓரம் விடுவது, ஒப்பம் எந்தப் பக்கம் என்று எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு. ஓர் எழுத்து தவறினாலும் மதிப்பெண் போகும்.

ஆனால் அந்தக் கடிதம் யாருக்குப் போகிறதோ அவருக்கு அது புரியுமா? இதற்கு மதிப்பெண் கிடையாது. இது தட்டச்சு செய்பவரின் குற்றமல்ல, அவர் வேலையும் அல்ல. பிறகு அது யாருடைய வேலை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் சென்னையின் முந்நூறு ஆண்டு வரலாறு நம் முன்னே வந்து நிற்கிறது. எழுதுபவர் மாறியிருக்கிறார், கருவி மாறியிருக்கிறது, மொழியே மாறியிருக்கிறது. படிப்பவரைப் பற்றிய நினைப்பு மட்டும் எப்போதும் கடைசியாகத்தான் வந்திருக்கிறது!

ரைட்டர் என்ற வேலை

காவல் நிலையத்துக்குப் போனால் ‘ரைட்டரைப் பாருங்க’ என்பார்கள். இந்தச் சொல்லுக்கு வயது அதிகம். கிழக்கிந்தியக் கம்பெனியில் சேரும் இளைஞனின் முதல் பதவிக்குப் பெயரே ‘ரைட்டர்’. அதற்கு மேலே ஃபேக்டர், பிறகு இளநிலை வணிகர், முதுநிலை வணிகர் என்று படிகள் இருந்தன. 1672-இல் சென்னைக்கு ரைட்டராக வந்த எலிஹு யேல் 1687-இல் இங்கேயே ஆளுநரானார். 1744-இல் வந்த ராபர்ட் கிளைவும் ரைட்டர்தான். ஆண்டுச் சம்பளம் 5 பவுண்டு!

அந்த ரைட்டர்கள் செய்த வேலை என்ன? கணக்கு எழுதுவது, கடிதங்களைப் படியெடுப்பது, கூட்டத்தில் பேசியதைப் பதிவு செய்வது. கம்பெனியின் இயக்குநர்கள் லண்டனில் இருந்தார்கள். கப்பல் போய்ச் சேர மாதங்கள் ஆகும். கோட்டையில் எழுதிய தாளை நம்பித்தான் அவர்கள் இங்கே நடப்பதை அறிய முடியும். அப்படி எழுதிக் குவித்த தாள்களில் பெரும் பகுதி எழும்பூரில் 1909-இல் எழுந்த ஆவணக் காப்பகத்தில் சேர்ந்தது.

கம்பெனி ஆங்கிலத்தில் எழுதியது, ஆனால் ஊர் தமிழிலும் தெலுங்கிலும் பேசியது. இடையில் நின்றவர்கள் துபாஷிகள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய தமிழ் நாட்குறிப்பு, அந்தக் கால அலுவல் பேச்சு எப்படி இருந்தது என்பதற்குப் பெரிய சான்று.

துபாஷியை மட்டும் நம்பி நிர்வாகம் செய்வது ஆபத்து என்பதை ஆங்கிலேயர்களில் சிலர் உணர்ந்தார்கள். எஃப். டபிள்யூ. எல்லிஸின் முயற்சியால் 1812-இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து வரும் இளம் அதிகாரிகள் இந்த நாட்டு மொழிகளைக் கற்ற பிறகே மாவட்டங்களுக்குப் போக வேண்டும் என்பது நோக்கம். தாண்டவராய முதலியார் போன்ற தமிழறிஞர்கள் அங்கே பணியாற்றினார்கள். நுங்கம்பாக்கத்தில் இருக்கும் கல்லூரிச் சாலைக்கு அந்தப் பெயர் வந்ததே அந்தக் கல்லூரியால்தான்.

ஆனால் காற்று திசை மாறியது. 1835-இல் மெக்காலேயின் குறிப்பு வந்தது. 1844-இல், அரசு வேலைக்கு ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கே முன்னுரிமை என்று ஹார்டிஞ்ச் அறிவித்தார். அதிகாரி தமிழ் கற்க வேண்டும் என்ற எண்ணம் பின்னுக்குப் போய், வேலை வேண்டுமானால் ஆங்கிலம் கற்க வேண்டும் என்ற நிலை முன்னுக்கு வந்தது. மனு கொடுப்பவரின் மொழி ஒன்று, கோப்பின் மொழி இன்னொன்று என்று ஆனது அப்போதுதான்.

லண்டன் வரை போன ஒரு மனு

இந்த நிலையிலும் எழுத்தைச் சரியாகப் பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள். சென்னை வணிகர் கஜுலு லட்சுமிநரசு செட்டி அவர்களில் ஒருவர். 1844-இல் ‘கிரெசன்ட்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1852-இல் சென்னைச் சுதேசிகள் சங்கத்தை உருவாக்கினார். நிலவரி வசூலிக்க விவசாயிகளைச் சித்திரவதை செய்வது உட்பட மாகாணத்தின் குறைகளை அடுக்கி, அந்தச் சங்கம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது.

மனு வீண்போகவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் 1853-இல் இங்கே வந்து நேரில் பார்த்தார். பிறகு சித்திரவதை குறித்து விசாரிக்க ஒரு கமிஷன் அமைந்தது. அதன் அறிக்கை 1855-இல் வெளியானது. வரி வசூலில் சித்திரவதை நடந்தது உண்மை என்று அரசின் கமிஷனே ஒப்புக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பாதிக்கப்பட்ட விவசாயிக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் மனு ஆங்கிலத்தில் போனது. காரணம், படிக்கப் போகிறவர் லண்டனில் இருந்தார். யார் முடிவெடுப்பாரோ அவருக்குப் புரியும்படி எழுதுவது என்ற பாடத்தை அன்றே சென்னை செய்து காட்டியது. அரசு இதையே திருப்பிச் செய்ய, அதாவது விவசாயிக்குப் புரியும்படி எழுத, இன்னும் நூறு ஆண்டு ஆனது!

பேரேடும் ஐந்தொகையும்

தமிழில் தொழில் சார்ந்து எழுதும் பழக்கம் அதுவரை இல்லவே இல்லையா? வணிகவியல் படிப்பவர்களுக்கு இதற்கான பதில் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. பேரேடு, பற்று, வரவு, ஐந்தொகை... இவை யாரோ குழு போட்டு மொழிபெயர்த்த சொற்கள் அல்ல. தமிழ் வணிகர்கள் கடையில் உட்கார்ந்து புழங்கிய சொற்கள்.

நாட்டுக்கோட்டை நகரத்தாரை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பர்மா, மலாயா, இலங்கை என்று அவர்களது கொடுக்கல் வாங்கல் பரவியிருந்தது. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார், கடையை நடத்தும் ஏஜெண்டு ரங்கூனிலோ பினாங்கிலோ இருப்பார். ஏஜெண்டு பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் போவார். அதுவரை முதலாளிக்குக் கண்ணும் காதும் ஏஜெண்டு அனுப்பும் கணக்கும் கடிதமும்தான். எல்லாம் தமிழில்.

அங்கே ஒரு வரி குழப்பமாக இருந்தால் என்ன ஆகும்? யாருக்கு எவ்வளவு கடன், என்ன வட்டி, எப்போது திரும்பும் என்பதில் பிழை வந்தால் பணம் போகும். எதிரே உட்கார்ந்து விளக்கம் கேட்க முடியாது, கடல் குறுக்கே இருக்கிறது. ஆகவே எழுத்து தெளிவாக இருந்தே தீர வேண்டும். தெளிவு அங்கே இலக்கண அழகுக்காக வரவில்லை, பண பயத்தால் வந்தது என்றே சொல்லலாம்.

எனவே தமிழால் முடியாது என்பது பொய். தமிழ் கடையில் இருந்தது, கச்சேரியில் இல்லை. அவ்வளவுதான்.

டாட்டன்ஹாமின் கோப்பு

கச்சேரியில், அதாவது அரசு அலுவலகத்தில், வேறொரு முறை வளர்ந்தது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி டாட்டன்ஹாம் வகுத்த அலுவலக நடைமுறைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் மட்டுமல்ல, ஆந்திரத்திலும் கேரளத்திலும் அரசு ஊழியர் பயிற்சியில் ‘டாட்டன்ஹாம் முறை’ என்ற பெயர் வரும்.

வந்த தபாலைப் பிரிப்பது, தேதி முத்திரை குத்துவது, எண் கொடுப்பது, பகிர்மானப் பதிவேட்டில் ஏற்றுவது, உரிய எழுத்தரிடம் கொடுப்பது, அவர் அதைத் தம் ‘தன் பதிவேட்டில்’ எழுதுவது என்று வரிசையாகப் போகும். ஒரு கோப்பில் இரண்டு பகுதி உண்டு. வந்த கடிதங்களும் போன கடிதங்களும் ஒரு பக்கம், அலுவலகத்துக்குள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் குறிப்பு இன்னொரு பக்கம். முடிந்த கோப்பில் எதை நிரந்தரமாக வைப்பது, எதைச் சில ஆண்டுகளில் அழிப்பது என்பது வரை விதி உண்டு.

இந்த முறையைக் கேலி செய்வது எளிது. ஆனால் இதன் பலம் பெரியது. எந்த மனுவும் ‘காணாமல் போகக்கூடாது’ என்பது இதன் அடிப்படை. எந்தத் தேதியில் வந்தது, யார் மேசையில் எத்தனை நாள் இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். இன்று நாம் மின்னஞ்சலில் ‘பொருள்’ வரி எழுதுவதும், முந்தைய கடிதத்தைக் கீழே இணைப்பதும் இதே தேவைக்காகத்தான்.

குறை எங்கே என்றால், இந்த முறை கோப்பைக் கவனித்த அளவுக்கு மனுதாரரைக் கவனிக்கவில்லை. கோப்பு சரியாக மூடப்பட்டால் வேலை முடிந்தது. மனுதாரருக்குப் போன பதில் அவருக்கு விளங்கியதா என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி இல்லை.

தொழிலாளிக்கு முதலில் கிடைத்த உரிமை

இனி கிண்டிக்குத் திரும்புவோம். 1958-இல் உருவான கிண்டித் தொழிற்பேட்டை இன்று திரு.வி.க. தொழிற்பேட்டை என்று அழைக்கப்படுகிறது. பேருந்தில் போகும்போது பெயர்ப்பலகையைப் பார்க்கிறோம். ஆனால் அந்தப் பெயர் ஏன் பொருத்தம் என்று யோசிப்பதில்லை.

திரு.வி. கல்யாணசுந்தரனார் ஆசிரியராவதற்கு முன்பு ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கராக இருந்தவர். பிறகு 1917-இல் ‘தேசபக்தன்’, 1920-இல் ‘நவசக்தி’ என்று பத்திரிகை நடத்தினார். வடமொழியும் ஆங்கிலமும் கலந்து எழுதுவதே படித்தவர்க்கு அழகு என்றிருந்த காலத்தில், அரசியலையும் தொழிலாளர் பிரச்சினையையும் நல்ல தமிழில் எழுதலாம், மேடையில் பேசலாம் என்று காட்டினார்.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பெரம்பூர் பகுதி ஆலைத் தொழிலாளர்களின் சங்கம் அது. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகிய இருவரின் முயற்சி அது. தலைவர் பி.பி. வாடியா. அவர் ஆங்கிலத்தில் பேசுவார், பேச்சு தமிழில் பெயர்க்கப்படும். திரு.வி.க. அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றார். கூலி, வேலை நேரம், சாப்பாட்டு இடைவேளை... தொழிலாளி தன் வாழ்க்கையைப் பாதிக்கும் விஷயங்களைத் தன் மொழியிலேயே கேட்டார்.

இந்தியா முழுவதும் நடந்த இத்தகைய போராட்டங்களுக்குப் பிறகு சட்டங்கள் வந்தன. 1946-இல் வந்த தொழிலக வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டம் ஒரு முக்கியமான விதியைச் சொன்னது. வேலை விதிகள், விடுப்பு, தண்டனை ஆகியவற்றைச் சொல்லும் நிலையாணைகளை ஆங்கிலத்திலும், பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும், நுழைவாயில் அருகே பலகையில் வைக்க வேண்டும் என்பதே அது. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டமும் அறிவிப்புகளுக்கு இதையே விதித்தது. 2025 நவம்பரில் இந்தச் சட்டங்களின் இடத்தைப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எடுத்துக்கொண்டன. ஆனால் கிண்டித் தொழிற்பேட்டையில் லேத்தும் வெல்டிங்கும் ஓடிய பெரும்பாலான ஆண்டுகளில் நடைமுறையில் இருந்தவை அவைதான்.

அந்த விதியின் சொற்களைக் கவனியுங்கள். ‘மாநில மொழியில்’ என்று அது சொல்லவில்லை. ‘பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியில்’ என்றது. அளவுகோல் எழுதுபவரோ அரசோ அல்ல, படிப்பவர்! வேலையிலிருந்து நீக்கினால் ஏன் என்று தெரிய வேண்டும், இயந்திரத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டும். புரியாத அறிவிப்பு விரலையே வாங்கிவிடும் என்பதால், இங்கே படிப்பவரை மறக்க முடியவில்லை.

1956: கோப்பு தமிழுக்கு வருகிறது

தொழிலாளிக்குச் சட்டத்தில் கிடைத்த இந்த இடம், குடிமகனுக்கு அரசு அலுவலகத்தில் பத்து ஆண்டு கழித்துக் கிடைத்தது. 1956 டிசம்பர் 27 அன்று, காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, ஆட்சிமொழிச் சட்டம் நிறைவேறியது. தமிழே ஆட்சிமொழி என்றது சட்டம். ஆங்கிலம் உடனே போய்விடவில்லை. துறை துறையாகத்தான் மாற்றம் நடந்தது.

முதல் சிக்கல் சொல். அலுவலகத்தில் அப்போது புழங்கிய ‘தமிழ்’ எப்படி இருந்தது? கலெக்டர், கமிஷனர் ஆங்கிலம். தாசில்தார், ஜமாபந்தி, ராஜினாமா, ரசீது ஆகியவை பாரசீகம், அரபு வழியாக வந்தவை. இவற்றுக்கு மாவட்ட ஆட்சியர், ஆணையர், வட்டாட்சியர், வருவாய்த் தீர்வாயம் என்று சொற்கள் தேடப்பட்டன. நகராட்சி ஆணையராக இருந்த கீ. இராமலிங்கனார் இந்தப் பணியில் முன்னோடி. ஆட்சிச் சொற்களுக்கென்று அகராதிகள் வந்தன. மெமோ ‘குறிப்பாணை’ ஆனது, சர்க்குலர் ‘சுற்றறிக்கை’ ஆனது, டி.ஓ. லெட்டர் ‘நேர்முகக் கடிதம்’ ஆனது. முதலில் சிரித்தவர்கள் உண்டு. இன்று ‘சுற்றறிக்கை’ என்றால் யாரும் சிரிப்பதில்லை.

இரண்டாவது சிக்கல் கருவி. தமிழில் 247 எழுத்துகள். தட்டச்சுப்பொறியில் விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு. இதற்கு வழி கண்டவர்களில் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இரா. முத்தையா. அவர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வணிக நிறுவனத்தில் எழுத்தராக வேலை பார்த்தவர். புள்ளியும் கொம்பும் தட்டும்போது தாள் நகராமல் நிற்கும் ‘நகரா விசை’யைக் கொண்டு தமிழுக்கேற்ற பொறியை வடிவமைத்தார். தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை பேராசிரியர் அல்ல, ஒரு குமாஸ்தா! ஆங்கிலத்தில் தட்டித் தட்டி, நம் மொழியில் இது ஏன் முடியாது என்று கேட்ட குமாஸ்தா.

1957-இல் தனித் துறையான தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வழியாகத் தமிழ்த் தட்டச்சுத் தேர்வு ஊர் ஊராகப் பரவியது. 1978-இல் அரசு ஊழியர்கள் தமிழில் கையொப்பமிட வேண்டும் என்ற ஆணை வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், பெரியார் பரிந்துரைத்த எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றது. ணா, றா, னா, ணை, லை போன்ற 13 எழுத்துகளின் வடிவம் எளிதானது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டின் விளைவாகக் கணினிக்குத் ‘தமிழ்99’ விசைப்பலகை வந்தது. 2010-இல் யூனிகோடை அரசு ஏற்றது. சொல் கிடைத்துவிட்டது, கருவியும் கிடைத்துவிட்டது. இனி என்ன குறை?

மொழி மாறியது, வாக்கியம் மாறவில்லை

கீழே இருப்பது ஒரு மாதிரிக் கடிதம். எந்த அலுவலகத்தின் உண்மைக் கடிதமும் அல்ல. ஆனால் இதைப் போன்ற ஒன்றை யாவரும் பார்த்திருப்போம்.

“பார்வையில் காணும் மனுவின் மீது உரிய விசாரணை மேற்கொள்ளப்பட்டதில், மனுதாரரால் கோரப்பட்டுள்ள இனம் விதிகளின்படி பரிசீலிக்க இயலாத நிலையில் உள்ளதால், மேற்படி மனு தள்ளுபடி செய்யப்படுகிறது என்ற விவரம் இதன்மூலம் மனுதாரருக்குத் தெரிவிக்கப்படுகிறது.”

இதில் ஓர் ஆங்கிலச் சொல் கூட இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. தட்டச்சுத் தேர்வில் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் மனு கொடுத்தவர் இதை நாலு பேரிடம் காட்டி ‘என்னப்பா போட்டிருக்கு?’ என்று கேட்பார். விசாரித்தது யார்? எந்த விதி? ஏன் இயலாது? இனி என்ன செய்வது? எதற்கும் பதில் இல்லை. எல்லாம் ‘செய்யப்படுகிறது’. செய்பவர் மட்டும் காணோம்!

ஆங்கிலேயர் கால அரசுக் கடிதத்தில் ‘எனக்கு இடப்பட்ட உத்தரவின்படி தெரிவிக்கிறேன்’ என்ற பாணி இருந்தது. முடிவு தன்னுடையதல்ல, மேலிடத்தினுடையது என்று எழுதுபவர் ஒதுங்கிக்கொள்ளும் பாணி அது. அதை அப்படியே மொழிபெயர்த்ததால் ‘தெரிவிக்கப் பணிக்கப்பட்டுள்ளேன்’ என்று தமிழிலும் குடியேறிவிட்டது.

இது நமக்கு மட்டும் வந்த நோய் அல்ல. ஆங்கிலத்தின் தாய்நாட்டிலேயே அரசுக் கடிதம் ஆங்கிலேயர்களுக்குப் புரியவில்லை. அதனால்தான் பிரிட்டிஷ் நிதித்துறை கேட்டுக்கொண்டபடி, சர் எர்னஸ்ட் கோவர்ஸ் என்ற மூத்த அதிகாரி 1948-இல் ‘பிளெய்ன் வேர்ட்ஸ்’ என்ற சிறு நூலை அரசு ஊழியர்களுக்காக எழுதினார். பெறுபவர் இடத்தில் உங்களை வைத்துப் பார்த்து எழுதுங்கள் என்பதே அதன் சாரம். அமெரிக்கா 2010-இல் இதற்கென்று ‘எளிய எழுத்துச் சட்டம்’ ஒன்றையே இயற்றியது. சொந்த மொழியில் எழுதினால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

காரணம் கேட்கும் காலம்

இந்தியாவில் இந்த நிலையை அசைத்தது ஒரு மொழிச் சட்டமல்ல, தகவல் சட்டம். மாநிலங்களில் முதன்முதலாகத் தமிழ்நாடு 1997-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இயற்றியது. பிறகு நாடு முழுவதற்குமான சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. குடிமகன் தன் வட்டார ஆட்சிமொழியில் விண்ணப்பிக்கலாம் என்றது. அதைவிட முக்கியம், நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை அதிகார அமைப்புகளின் கடமையாக்கியது.

இந்தக் கண்ணோட்டத்தில் மேலே உள்ள மாதிரிக் கடிதத்தைத் திருத்தினால் எப்படி இருக்கும்?

“பட்டா மாற்றம் கேட்டு நீங்கள் கொடுத்த மனு கிடைத்தது. அதில் கிரயப் பத்திரத்தின் நகல் இல்லை. அதனால் இப்போது பட்டாவை மாற்ற முடியவில்லை. நகலை 30 நாட்களுக்குள் இந்த அலுவலகத்தில் கொடுங்கள். மனுவை மீண்டும் எடுத்து முடிவு செய்வோம்.”

ஐந்து வாக்கியம். பத்தாம் வகுப்பு படித்தவர் யாரிடமும் கேட்காமல் படிப்பார். மரியாதையும் குறையவில்லை. அலைச்சல் மட்டும் குறைந்திருக்கிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பேருந்துக்குக் காசு கொடுத்து, ‘ஏன் தள்ளுபடி’ என்று கேட்க வந்து வரிசையில் நிற்கும் ஒருவருக்கு இந்த ஐந்து வாக்கியத்தின் மதிப்பு தெரியும்.

நம் தலைமுறைக்கு என்ன?

வணிகவியல் முடித்தால் ஒன்று அரசுத் தேர்வு, இல்லையென்றால் தனியார் அலுவலகம். 2021-க்குப் பிறகு டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த்தாளில் தகுதி பெறுவது கட்டாயம். முதன்மைத் தேர்வுகளின் தமிழ்த்தாளில் கடிதம் வரைதலும் வருகிறது. தனியார் அலுவலகத்தில் நாளுக்கு இருபது மின்னஞ்சல், பெரும்பாலும் ஆங்கிலத்தில். எதுவாக இருந்தாலும் இந்த வரலாறு நான்கு பாடம் தருகிறது.

1. படிப்பவர் யார் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். லட்சுமிநரசு செட்டியின் மனு லண்டனில் வேலை செய்தது இதனால்தான்.

2. எதிரில் உட்கார்ந்து விளக்கம் கேட்க முடியாதவருக்கு எழுதுவதாக நினைத்து எழுத வேண்டும். ரங்கூன் ஏஜெண்டின் கணக்கு அப்படித்தான் எழுதப்பட்டது.

3. எண், தேதி, பொருள் மூன்றும் தவறக்கூடாது. டாட்டன்ஹாமிடம் கற்க வேண்டியது இது.

4. முடிவைச் சொன்னால் காரணத்தையும், அடுத்து செய்ய வேண்டியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2005 சட்டத்தின் பாடம் இது.

கோத்ரெஜ் நிறுவனம் 1955-இல் தயாரிக்கத் தொடங்கிய தட்டச்சுப்பொறி, 2009-இல் அதன் ஆலையில் நின்றுபோனது. நாளை விசைப்பலகையும் போகலாம். பேசினாலே எழுதிக்கொள்ளும் செயலிகள் வந்துவிட்டன. நிமிடத்துக்கு 45 சொல் என்ற வேகம் இனி யாருக்கும் பெரிய விஷயமாக இருக்காது.

ஆனால் ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இதுல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லுப்பா’ என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கும் பெரியவர் இன்றும் இருக்கிறார். அந்தக் கேள்விக்கு வேலையே இல்லாமல் செய்யும் நாளில்தான் 1956-இல் தொடங்கிய பணி முடியும். அதைச் செய்யப் போகிற எழுத்தர்களும் அதிகாரிகளும் இப்போது கல்லூரி வகுப்புகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.